புரோட்டா மாஸ்டர் வேகம் கூட்டிய கம்ப்யூட்டர்

இது நடந்த கதை. மலையாளச் சீமையில் கிள்ளிப்பாலத்தில், தாணுமாலையன் ஓட்டலில், எல்லார் கண் முன்னாலும் நடந்தது. ஒரு சொல் பொய் கிடையாது. சரி, ஒன்றிரண்டு இருக்கும். புரோட்டா மாவை உருட்டி அப்படியே கல்லில் போட்டால் எவன் தின்பான்? வீசி இழுத்தால்தான் புரோட்டா. மதியக் கூட்டம் முடிந்து, பின்கட்டில் வெங்காயச் சாக்கின்மேல் உட்கார்ந்து டீ குடிக்கிற விஜய்குமாருக்கும், பக்கத்தில் காய் நறுக்குகிற மாடம்மாளுக்கும் இழுக்காத கதை தொண்டையில் இறங்காது.

கதை தங்கபாண்டியுடையது. சங்கரன்கோவில் பக்கத்து ஆள், அந்த ஓட்டலின் புரோட்டா மாஸ்டர். அவர் வீசுகிற புரோட்டா எவ்வளவு மெல்லிசு என்றால், அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் கிழக்கேகோட்டை கோபுரம் தெரியும். கையில் ரோமம் என்று ஒன்று கிடையாது. கல்லின் அனல் வருஷக்கணக்காக இலவசமாக ஷேவ் செய்துகொண்டிருந்தது. அவருக்கு உலகத்தில் ஒரே ஆசைதான்: கவுன்டர் நாற்காலி. மேலே ஃபேன், கீழே குஷன். அதில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருந்த ஷீனா, கல்யாணம் முடிந்து வித்துராவுக்குப் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மாஸ்டருக்குத் தூக்கமில்லை. வித்துராவில் மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு அவசரம் இருந்திருக்காது.

அந்த நேரம் பார்த்து, பெங்களூரில் இருக்கும் முதலாளியின் மருமகன் ஒரு மெனு செய்து அனுப்பினான். சுவர் டிவியில் புரோட்டாவும் பொரித்த கோழியும் நிஜம்போலச் சுழலுமாம். கவுன்டர் கம்ப்யூட்டரில் போட்டார்கள். புரோட்டா கால் சுற்றுச் சுற்றியது, மூச்சு வாங்கியது, நின்றது. அது ஒரு முழுச் சுற்று முடிப்பதற்குள் ஒரு ஆள் சாப்பிட்டு, கை கழுவி, பஸ் பிடித்து நாகர்கோவில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"எந்தா ஷீனா, கோழி செத்துப்போச்சா?" என்றார் முதலாளி தாணுமாலையன்.

"கோழி எப்பவே செத்ததுதான் மொதலாளி. இதுல தனி கிராபிக்ஸ் கார்டு இல்லா. பிராசஸருக்குள்ளயே உள்ளதுதான். இதுக்கு இவ்வளவே முடியும்."

அவள் சொன்னது சரிதான். தனிக் கார்டு இல்லாத கிராபிக்ஸ் என்பது ஒட்டுக்குடித்தனம். பிராசஸரின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, அதன் கரண்டையும் கம்ப்யூட்டரின் மெமரியையும் கேட்டு வாங்கித்தான் படம் காட்ட வேண்டும். வீட்டுக்காரன் அடுப்பில் வீட்டுக்காரன் பாத்திரத்தில் விருந்து சமைப்பது மாதிரி.

"இதை நிக்காம ஓட்டிக் காட்டுறவனுக்கு இந்த நாற்காலி, கேட்டியா?" என்று முதலாளி சிரித்தார். அவருக்கு அது தமாஷ். கல்லுக்கு முன்னால் நின்ற தங்கபாண்டிக்கு அது கோவில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சொன்ன சத்தியம்.

மத்தியான ஓய்வில் அவர் போனில் பார்க்காத வீடியோ இல்லை. ஓவர்கிளாக் என்று ஒரு வித்தை இருந்தது. கம்பெனி வைத்த வேகத்துக்குமேல் நாமே வேகத்தை ஏற்றிவிடுவது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார், சூடு எவ்வளவு என்று பார் என்று வீடியோக்காரன் தலையால் அடித்துக்கொண்டான். அது சள்ளை பிடித்த இடம் என்று மாஸ்டர் அதை மட்டும் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"தீயக் கூட்டுனா புரோட்டா சீக்கிரம் வேகும். அம்புட்டுதான சமாச்சாரம்? இதுக்கு எதுக்குவே இம்புட்டு இங்கிலீசு?"

கம்ப்யூட்டர் உயிர் பெறும்போதே ஒரு பொத்தானைத் தட்டினால் பயாஸ் என்று ஒரு திரை வரும். அதற்குள் போய் கிராபிக்ஸ் வேகத்தை ஒரே தூக்காகத் தூக்கினார். வேகம் கூடினால் அருளும் கூட வேண்டுமே? கவுன்டரில் சாமி படத்துக்குத் தினமும் ஒரு பத்தி. மாஸ்டர் ஒரு கட்டுப் பத்தியைக் கொளுத்தி, கம்ப்யூட்டர் கேபினட்டின் உச்சியில் இருந்த காற்றுத் துளைகளில் வரிசையாகச் செருகினார். பத்திக்கென்றே அளவெடுத்து ஓட்டை போட்டதுபோலக் கச்சிதமாக நின்றன.

டிவியில் புரோட்டா சுழன்றது பாருங்கள், முன் மேசைக்காரர் கறி தெறிக்கும் என்று பின்னால் நகர்ந்தார். கோழி இன்னும் கொஞ்சம் சுற்றினால் உயிர் வந்து தம்பானூர் வரை பறந்திருக்கும்.

"லேய் தங்கம், நீ எஞ்சினியருடே!" என்றார் முதலாளி.

எஞ்சினியர் பட்டம் அந்த வாரம் தாங்கியது. பத்தியும் தினமும் கட்டுக் கட்டாக எரிந்தது. பிறகு ஒரு மதியம் டிவியில் பச்சையும் ஊதாவுமாக வரி விழுந்தது. புரோட்டா கைலி மாதிரி ஆகிவிட்டது. ஒரு கிழவர், "அந்தக் கட்டம் போட்டது ஒரு பிளேட்டு குடு" என்றார். உடனே திரை கறுத்து, கம்ப்யூட்டர் செத்து, தானே பிழைத்து, மறுபடி செத்தது.

மாஸ்டர் மூடியைக் கழற்றினார். உள்ளே பிராசஸர் மேல் தகடு தகடாக ஒரு அலுமினியக் கட்டி. சூடா இல்லையா? சூடு பார்க்க அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. பக்கத்து டம்ளரில் விரலை நனைத்து, கல்லில் தெளிப்பதுபோல ஒரு தெளி தெளித்தார். 'சுர்' என்றது.

"கல்லு நல்லா காஞ்சிருக்கு" என்றார் திருப்தியோடு.

"அண்ணா! எந்து பணியா காணிச்சது, என்ன வேலை இது? கரண்ட் உள்ள சாதனம்!" ஷீனா பிளக்கைப் பிடுங்கினாள்.

காயவைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே விபூதி மடமே நடந்துகொண்டிருந்தது. ஃபேனிலும் தகட்டு இடுக்கிலும் பத்திச் சாம்பல். அள்ளினால் கிள்ளிப்பாலம் முழுக்க நெற்றியில் பூசலாம். கைக்கு எட்டியவரை ஊதித் துடைத்து மூடினார்கள். ஓடியது. மாஸ்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கல்லைப் பற்றவைத்தார். கல் காய்ந்ததும் மறுபடி வரி.

ஷீனா எதேச்சையாகச் சுவரில் கை வைத்தாள். "அய்யோ! இது சுவரா அடுப்பா?"

விஷயம் இதுதான். ஓட்டலில் இருந்த ஒரே நல்ல பிளக் பாயிண்ட் அந்தச் சுவரில். அதே சுவருக்கு மறுபக்கம் மாஸ்டரின் கல். ஆகவே டிவியில் புரோட்டா சுற்ற வேண்டுமானால், கல்லில் புரோட்டா சுடக்கூடாது. இப்படியொரு ஓட்டல் மெனு எந்த ஊரிலும் கிடையாது.

"வேகத்த ரெண்டு படி குறச்சா மதி அண்ணா, போதும்" என்றாள் ஷீனா.

"ஏத்துனத எறக்கவா? என்னப் பாத்து தீயக் கொறைன்னு எவனும் சொன்னதில்ல பிள்ள."

கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைப்பதற்குப் பதில், மாஸ்டர் கல்லின் தீயைக் குறைக்க முடிவு செய்தார். அவர் மூளையும் ஒட்டுக்குடித்தனம்தான்.

ஷீனாவின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நாற்காலிக்குப் பரீட்சை. மாஸ்டர் இஸ்திரி போட்ட சட்டையில், பவுடர் பூசி, நாற்காலியில் உட்கார்ந்தார். குஷன் அவரை அப்படியே உள்வாங்கியது. ஃபேன் காற்று கழுத்தில் பட்டபோது, பொன்முடி உச்சியில் மஞ்சு இறங்குவதுபோல இருந்ததாம். கண்ணை மூடித் திறந்தார். இனி சாகும்வரை இங்கேதான் என்று நினைத்தார். அப்போது சப்ளையராக இருந்த விஜய்குமார் கல்லில் நின்றான்.

"சிம்முலயே வைலே, என்ன? கூட்டம் கத்துனா கத்தட்டும்."

"சரி மாஸ்டர்."

டிவியில் புரோட்டா ஜம்மென்று சுற்றியது. முதலாளி தலையாட்டினார். கூட்டம் ஏறியது. "புரோட்டா எங்கடே?" என்று ஒரு மேசை கத்தியது, பிறகு எல்லா மேசையும். சுவருக்கு அந்தப் பக்கம் பர்னர் ஆவேசம் வந்ததுபோல உறுமியது. டிவியில் வரி. கறுப்பு. அதே கம்ப்யூட்டரில்தான் பில் என்பதால் அதுவும் போனது. சாப்பிட்டவர்கள் கையை நக்கிக்கொண்டு கவுன்டரில் நின்றார்கள். சாப்பிடாதவர்கள் விஜய்குமாரின் புரோட்டாவைப் பிய்க்க இரண்டு பக்கமும் ஆள் வைத்து இழுத்தார்கள்.

"தீயக் கொறைலே!" என்று நாற்காலியிலிருந்து மாஸ்டர் கத்தினார். ஆயுளில் முதல் தடவையாக.

முதலாளி திரும்பி ஷீனாவைப் பார்த்தார். அவள் மதர்போர்டிலிருந்து வட்ட பேட்டரியைக் கழற்றி, கொஞ்சம் பொறுத்து மாட்டினாள். பயாஸ் எல்லாவற்றையும் மறந்து கம்பெனி வேகத்துக்குத் திரும்பியது. புரோட்டா கால் சுற்றுச் சுற்றி, நின்று, மூச்சு வாங்கியது. பில் ஓடியது.

"தங்கம், நீ கல்லுக்குப் போ. உன் கை இல்லாட்டி இந்தக் கடைய பூட்டணும். விஜயா, நீ இனி கல்லுப் பக்கமே வரப்படாது. வந்தாலும் பூட்டணும். நீ கவுன்டர்ல இரி."

தங்கபாண்டி எழுந்தார். குஷன் மெதுவாக உப்பி, அவர் உட்கார்ந்த பள்ளத்தை அழித்துவிட்டது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மாவை எடுத்தார். நன்றாக வேலை தெரிந்ததற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, அதே வேலை.

இங்கே கதை முடிய வேண்டும். ஆனால் பின்கட்டில் கதை கேட்டுக்கொண்டிருந்த மாடம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாஞ் சரி. சிம்முல கெடந்த பர்னர ஃபுல்லுல திருப்புனது யாரு?"

"கூட்டம் கத்திச்சில்லா" என்றான் விஜய்குமார்.

"கூட்டம் கத்துறதுக்கு முந்தியே நீ கைய வச்சே. நான் இங்க வெங்காயம் அரிஞ்சுக்கிட்டே பாத்தேன்."

"வெங்காயம் அரியிறப்ப உனக்கு எங்க கண்ணு தெரிஞ்சுது?"

"ஓ! நாற்காலி கெடச்சதும் வாயும் கெடச்சிட்டோ? அந்த மனுசன கல்லுல போட்டு வாட்டிட்டியேடா பாவி!"

"மாடம்மக்கா, மரியாதயா பேசு, நான் இப்ப கவுன்டராக்கும்!"

கதவோரம் மாவுக் கையோடு நின்ற தங்கபாண்டியை அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள்.

"ஏலே விஜயா," என்றார் அவர், "அக்கா சொல்லுறது நெசமாலே?"

"மாஸ்டர், நீங்க உள்ள போங்க, மாவு காயுது—"

டீ கிளாஸ் கவிழ்ந்தது. சாக்கு சரிந்து வெங்காயம் நாலாபக்கமும் உருண்டது. யார் முதலில் யார் சட்டையைப் பிடித்தார்கள் என்பதில், அங்கே இருந்தவர்களுக்குள்ளேயே தனியாக ஒரு சண்டை தொடங்கியது.