எதிர்வீட்டுக் குழந்தையின் பாலாடை

பீரோவைக் குடைந்துகொண்டிருந்த என் மகள் அந்த வெள்ளிப் பாலாடையை எடுத்து நீட்டினாள். "யாரோடதும்மா இது? என் பாப்பாவுக்குப் பால் புகட்டலாமே!" மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணம், பல வருடங்களுக்கு முன் எதிர்வீட்டுக் குழந்தைக்கு நான் ஆசையாக வாங்கிக் கொடுத்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். அங்கே எந்தச் சண்டைக்கும் முதல் ஆளாகப் போய் நிற்பவள் நான். தண்ணீர் லாரிக்காரர் முதல் அசோசியேஷன் செயலாளர் வரை என் வாய்க்குப் பயப்படுவார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. ஒரு காலையில், எதிர்வீட்டுப் பெண் பால் புகட்டித் தூங்கவைத்த கைக்குழந்தை அசையவில்லை. அவள் கணவர் வேலைக்குப் போயிருந்தார். அவளையும் மாமியாரையும் காரில் ஏற்றிக்கொண்டு தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். உயிர் எப்போதோ போயிருந்தது.

"நோய் நொடி இல்லாத குழந்தை. போலீசுக்குச் சொல்லியே ஆகணும், சட்டம் அது. போஸ்ட்மார்ட்டம் பண்ணினாத்தான் காரணம் தெரியும்" என்றார் டாக்டர். எனக்கு வந்ததே கோபம்! "பச்ச மண்ணைப் போட்டு அறுப்பீங்களா? பெத்தவளை ஸ்டேஷன்ல உட்கார வைப்பீங்களா?" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன். அவள் என் கையைப் பிடித்து, "அக்கா, என்னான்னு பார்க்கட்டுமே" என்றாள். "நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அடக்கினேன். அந்த டாக்டர் என் கத்தலுக்குப் பணிந்திருக்கக் கூடாது. பணிந்து, போலீசுக்குச் சொல்லாமலே குழந்தையைக் கொடுத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் அடக்கம் முடிந்தது. நல்ல காரியம் செய்தாய் என்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள்.

சில நாட்களிலேயே மாமியார் ஆரம்பித்தாள். "பால் குடுக்கத் தெரியாம மூச்சடைக்க வச்சே கொன்னுட்டா." புரையேறியதா, பிறவிக் கோளாறா, யாருக்குத் தெரியும்? இல்லை என்று காட்ட அந்தப் பெண்ணிடம் ஒன்றுமே இல்லை. நான் சண்டைக்குப் போனேன். "நீ பாத்தியா?" என்றாள் மாமியார். ஒரே கேள்வி. என் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது, அந்தப் பெண் பாலாடையைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து தந்தாள். "அன்னிக்குப் பார்த்திருந்தா, என் கையாலதான் போச்சுன்னா, என் கையாலதான்னாவது தெரிஞ்சிருக்கும் இல்லக்கா?" குரலில் கோபமே இல்லை. என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

"சொல்லும்மா, யாரோடது?" மகள் விடவில்லை.

"எதிர்வீட்டுக் குழந்தையோடது. இறந்துபோச்சு."

"ஐயோ! என்ன ஆச்சு அதுக்கு?"

"தெரியாது" என்றேன். பொய் இல்லை. தெரியவிடாமல் செய்தவள் நான்.