நாவலில் இடம் கேட்ட ஓட்மார்

பாம்பெர்க் பக்கம் எங்கள் ஊரில் ஓட்மாரின் கத்தரி படாத தலை கிடையாது. நாவலாசிரியர் வெண்டலின் தலையும் அதில் சேர்த்தி. ஜெர்மனி முழுக்க வெண்டலினைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நாங்கள் மட்டும் அதில் யார் யார் வந்திருக்கிறோம் என்று தேடினோம். ரொட்டிக்கடை குன்டர் வந்தார், பாதிரியார் வந்தார், என் பீர்க்கடைப் பூனைகூட வந்தது. ஓட்மார் மட்டும் வரவில்லை. முப்பது வருஷமாக முடி வெட்டிக்கொண்டே ஊர்க்கதையை அள்ளிக் கொடுத்தவர் அவர். கண்ணை மூடுவதற்குள் ஒரு புத்தகத்தில் வந்துவிட வேண்டும் என்பதுதான் மனுஷனுக்கு ஒரே ஆசை.

புது நாவல் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியப்போகும் வாரம், ஜெர்மன் படையிலிருந்து தப்பி ஓடிவந்த பையன் ஒருவன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான். இடம் கொடுத்தால் தன் தலையும் போகும் என்ற பயத்தில் உள்ளே இருப்பவன் திறக்கவில்லை. பிற்பாடு, திறந்து ஒளித்துவைத்ததாகச் சொல்லிச் சொல்லி அவனே அதை நம்பிவிடுகிறான்.

எங்கள் ஊரில் அப்படி ஒரு பையனை ஒளித்துவைக்காத வீடே இல்லை. சொன்னதையெல்லாம் நம்பினால் ஒரு பட்டாளமே எங்கள் நிலவறைகளில் இருந்திருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை என் கடையில், வழக்கமான பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஓட்மார்தான் மேசையைத் தட்டினார். "எல்லாரும் ஏன்யா முழிக்கிறீங்க? அந்தக் கோழை நான்தான்!"

"யோவ், உனக்கு வெக்கமா இல்ல?" என்று பாய்ந்தாள் அவர் மனைவி ரோஸ்விதா. "அப்ப நீ ஊர்லயே இல்லையே! பிரெஞ்சுக்காரன் சிறையில உருளைக்கிழங்கு உரிச்சிட்டு இருந்தே!"

"உனக்கென்னடி தெரியும்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!"

குன்டருக்குச் சிரிப்பில் பீர் மூக்கில் ஏறிவிட்டது. மேசைக் கோடியில் இருந்த வெண்டலின் மட்டும் சிரிக்கவில்லை.

"விடுப்பா ஓட்மார். அது நீ இல்ல," என்றார். "நான்."

சிரிப்பு அடங்கிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்தப் பையனை ஒளித்துவைத்த கதையை எங்கள் எல்லாரையும்விட அழகாகச் சொன்னவரே அவர்தான்.

ஓட்மாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி! புத்தகத்துல எனக்குன்னு கெடச்ச ஒரே ஒரு ஆளு! அவனையும் நீயே எடுத்துக்கிட்டியா?"

வெண்டலின் கோப்பையைத் தள்ளிவைத்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஓட்மார் அந்தக் கவிழ்ந்த தலையைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் அவர் பின்கழுத்தைத் தடவினார்.

"காடு மாதிரி வளந்து கெடக்கு. நாளைக்கு வா. நீ தட்டவே வேணாம், கதவு தெறந்தேதான் இருக்கும்."