வரைபடத்தில் ஒட்டிய கடல்

திருவண்ணாமலையில் பிறந்த குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்து எதையாவது வரை என்றால் முதலில் மலையைத்தான் வரையும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் மாமாவும் அதற்கு விலக்கில்லை. ஒரு கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் சார்ட் பேப்பரை விரித்து, புதிதாக ஓர் உலகத்தையே உண்டாக்கப் போவதாக அறிவித்துவிட்டு, நடுவில் ஒரு மலையை வரைந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இது நம்ம ஊர்தானே என்று கேட்டேன்.

“மலைய உடு. சுத்தி இன்னா இருக்குது பாரு” என்றார்.

பார்த்தேன். சுற்றிலும் கிரிவலப் பாதையைக் காணோம். எலும்பாலான மரங்கள் நிற்கிற காடு ஒரு பக்கம். வாய் திறந்து பேசினால் கல்லாகிப் போகிற பொட்டல் ஒரு பக்கம். தலைகீழாகத் தொங்குகிற கோட்டை ஒன்று. மலையின் வயிற்றுக்குள் இறக்கை வைத்த பாம்பு தூங்குகிறதாம். கதையை மாமா சொல்லிக்கொண்டு வருவார். அதற்குள் நடமாடுகிற ஆட்கள் நாங்கள். நாங்கள் எந்தப் பக்கம் போகிறோமோ கதையும் அந்தப் பக்கம் திரும்பும். பெங்களூரில் மாமாவும் அவருடைய அறைத் தோழர்களும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதைத்தான் ஆடுவார்களாம். சம்பளம் வாங்குகிற ஆண்பிள்ளைகள் சோறு தண்ணி மறந்து மந்திரவாதியாகவும் திருடனாகவும் இருப்பார்கள் என்பதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரியவளானால் நானும் இப்படித்தான் ஆவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

ஆட்டத்துக்கு முன்னால் ஆட்களை உண்டாக்க வேண்டும். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு தாள். பேர், தொழில், பலம், புத்தி, ஒரு தனித் திறமை, ஒரு பயம். மாமா அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னார். நாங்கள் ஜாதகம் என்றோம், அதுவே நிலைத்துவிட்டது. எது எவ்வளவு என்பதைப் பகடை போட்டுத்தான் எழுத வேண்டும். மாமாவின் இருபது முகப் பகடை பெங்களூரிலேயே தங்கிவிட்டதால் அம்மாவிடம் தாயக்கட்டையைக் கேட்டு வாங்கினோம். இரண்டு பித்தளைக் கட்டைகள். சிவராத்திரிக்குக் கண்விழிக்கத்தான் எங்கள் வீட்டில் அது வெளியே வரும். “கண்ட நாள்ல உருட்டாதீங்கடா, வீட்டுக்கு ஆகாது” என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா கொடுத்தாள்.

முதலில் நான் உருட்டினேன். பலத்துக்கு ஒன்று விழுந்தது. தாயம்! துள்ளிக் குதித்து வாசல்வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் ஊரில் மட்டுமா, தாயக்கட்டை இருக்கிற எல்லா ஊரிலும் ஒன்று விழுந்தால்தான் காய் உள்ளே இறங்கும். அது விழாமல் மணிக்கணக்கில் வெளியே உட்கார்ந்திருந்து அழுத அனுபவம் எனக்கு உண்டு.

மாமா தலையைச் சொறிந்தார். “இந்த ஆட்டத்துல ஒண்ணுன்னா ரொம்ப கம்மிடி. பன்னெண்டுதான் ஜாஸ்தி. உன் ஆளு ஒரு குடம் தண்ணி கூடத் தூக்க மாட்டா.”

அழுது பார்த்தேன், நடக்கவில்லை. பறக்கத் தெரிய வேண்டும், மறையத் தெரிய வேண்டும், எவ்வளவு ஐஸ் சாப்பிட்டாலும் தொண்டை கட்டக் கூடாது என்று கேட்டேன். அதுவும் நடக்கவில்லை. எல்லாம் இருக்கிற ஆளுக்கு என் உலகத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். பயமே இல்லாத ஆளையும் சேர்த்துக்கொள்ள முடியாதாம். கடைசியில் குடம் தூக்க முடியாத, குரங்குக்குப் பயப்படுகிற ஒரு மந்திரவாதி ஆனேன். குரங்குப் பயம் என்னுடையதுதான். கோயில் வாசலில் ஒரு குரங்கு என் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கியதிலிருந்து வந்தது.

அடுத்தது அக்கா. பெரியப்பாவின் மகள். அவர்களும் நாங்களும் ஒரே வீடு. அக்கா பிளஸ் டூ முடித்திருந்தாள். சென்னையில் கப்பல் ஓட்டுகிற படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் கடலைப் பார்த்ததே ஒருமுறைதான், பள்ளிக்கூடத்தில் மகாபலிபுரம் அழைத்துப்போனபோது. திரும்பி வந்ததிலிருந்து வேறு பேச்சில்லை. பெரியம்மா, அப்பாவைக் கேள் என்று ஒதுங்கிக்கொண்டாள். பெரியப்பா, பார்க்கலாம் என்றார். எங்கள் வீட்டில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று பொருள். சேர வேண்டிய திங்கட்கிழமை கிட்டே வந்துகொண்டிருந்தது. அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. பெரியப்பாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே கூடத்தில் நடமாடினார்கள்.

“என் ஆளு கப்பல் ஓட்றவ” என்றாள் அக்கா.

மாமா வரைபடத்தைப் பார்த்தார். “இந்த உலகத்துல கடலே இல்லியேம்மா.”

“அப்ப எனக்கு ஆட்டமும் இல்ல மாமா. நீங்க ஆடுங்க.”

அக்கா எழுந்துவிட்டாள். மாமா அவளை உட்காரச் சொன்னார். என் நோட்டிலிருந்து இரண்டு தாள்களைக் கிழித்தார். சோற்றுப் பருக்கை கொண்டுவரச் சொன்னார். சார்ட் பேப்பரின் கிழக்கு ஓரத்தில் அந்தத் தாள்களை ஒட்டி, நீலப் பேனாவைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தார். எலும்புக் காடு முடிகிற இடத்தில் கரை வந்தது. கரைக்கு அப்பால் தண்ணீர், தண்ணீர், தாள் முடிகிறவரை தண்ணீர். அதற்குப் பிறகு எனக்கு என்னென்னவோ அதிசயங்களைக் காட்டியிருக்கிறார்கள். அதில் எதுவும் இதற்கு உறைபோடக் காணாது. ஒருத்தி வேண்டும் என்று கேட்டாள், உலகத்துக்கு ஒரு கடல் வந்துவிட்டது. ஒட்டின இடம் காய்வதற்குள் அக்கா விரலால் அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

பெரியப்பா அப்போது அங்கேதான் இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். சன்னதித் தெருப் பக்கம் அவருக்குக் கடை. அகல் விளக்கு, திரி, கற்பூரம், நெய். மதியம் கோயில் நடை சாத்தியதும் வியாபாரம் படுத்துவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே துண்டை விரித்துச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். அன்றும் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

“எனக்கொரு ஆள் போடு மாப்ள” என்று சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதையே காசைக் கரியாக்குவது என்று திட்டுகிற மனிதர். எழுந்து வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். தாளின் தலையில் முதலில் பிள்ளையார் சுழி போட்டார். எங்கள் தாள்களில் அது இல்லை என்று கண்டுபிடித்து அவற்றிலும் போட்டார். தொழில் என்ன என்றார் மாமா. போர்வீரன், வைத்தியன், ஒற்றன், எதுவாகவும் இருக்கலாம் என்றார்.

“வெளக்குக்கட” என்றார் பெரியப்பா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எந்த உலகத்துக்குக் கூட்டிப்போனாலும் கடையைத் திறந்துவிடுவார் போலிருந்தது. தனித் திறமை என்று ஒன்று வேண்டுமே என்று மாமா கேட்டார். பெரியப்பா வெகுநேரம் வரைபடத்தைப் பார்த்தார். மலையைப் பார்த்தார், ஓரத்தில் ஒட்டின தாளைப் பார்த்தார்.

“மல மேல ஒரு வெளக்கு வெப்பான். அதான் அவன் வேல” என்றார். “நம்ம தீபம் கீழ்பென்னாத்தூர்ல தெரியுது. செஞ்சில தெரியுதுன்றாங்க. இந்தக் கடல்லருந்து பாத்தா தெரியுமா மாப்ள?”

“அது வெளிச்சத்தப் பொறுத்து. உருட்டிப் பாக்கலாம் பெரிய மாமா.”

பெரியப்பா கட்டைகளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். உருட்டினார். ஒன்று விழுந்தது.

மாமாவின் முகம் தொங்கிவிட்டது. ஒன்று என்றால் ஒரு முழத்துக்கு மேல் வெளிச்சம் போகாது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பா மட்டும் தொடையைத் தட்டி, “தாயம்!” என்று கத்தினார்.

நான் விடவில்லை. “இதுல ஒண்ணுன்னா கம்மி பெரியப்பா! எனக்கும் அப்படித்தான் போட்டாங்க!”

“யாரு சொன்னது? தாயம் உழுந்தா காய் எறங்கியாச்சு. எறங்கின காய யாரு நிறுத்தறது? எழுது மாப்ள. தெரியும்னு எழுது. கடல்ல எந்த மூலைக்குப் போனாலும், திரும்பிப் பாத்தா வெளக்கு தெரியும்.”

மாமா பெரியப்பாவையே பார்த்தார். அப்புறம் குனிந்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். அக்கா சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கள்ள ஆட்டம் பிடிக்காமல் அக்காவும் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

பாக்கியிருந்தது ஒரு கட்டம்தான். “இவருக்கு எதுல பயம்?” என்று மாமா கேட்டார். அவர் குரல் என்னவோ தணிந்திருந்தது.

பெரியப்பா கொல்லைப்பக்கம் ஒருமுறை பார்த்தார். “ஒண்ணும் இல்ல. உட்டுடு” என்றார்.

பயமில்லாத ஆள் கூடாது என்பது விதி. அதையும் எடுத்துச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நடை திறக்கிற நேரமாகிவிட்டது என்று பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். செருப்பைக் காலில் நுழைத்தபடி, “திங்கக்கெழம நீயே கூட்டிக்கினு போய் உட்டுட்டு வா மாப்ள. எனக்குப் பௌர்ணமி யாவாரம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பௌர்ணமி முந்தின வாரம்தான் கழிந்திருந்தது. யாரும் அதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.

அந்த ஆட்டத்தை நாங்கள் ஆடவே இல்லை. ஆட்களை உண்டாக்கினதோடு சரி. திங்கட்கிழமை அக்காவைச் சென்னைக்கு அழைத்துப்போன மாமா, அங்கிருந்தே பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார். பாம்பு இன்னும் மலைக்குள் தூங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அக்கா இப்போது நிஜமாகவே கப்பலில் இருக்கிறாள். கார்த்திகை தீபத்தன்று எந்த நாட்டுத் துறைமுகத்தில் இருந்தாலும் போன் செய்வாள். தெரியுதாம்மா என்று பெரியப்பா கேட்பார். தெரியுதுப்பா என்பாள். இரண்டு பேரும் அதற்கு மேல் அதிகம் பேசுவதில்லை.

ஆனால் எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் நினைவில் நிற்கிறது. பஸ் நிலையத்துக்கு என்னையும் அழைத்துப்போயிருந்தார்கள். வியாபாரம் என்று சொன்ன பெரியப்பாவும் வந்திருந்தார். பஸ் கிளம்பியது. அக்கா ஜன்னலில் கை ஆட்டினாள். பஸ் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் பெரியப்பா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அக்காவுக்காக வாங்கின தண்ணீர் பாட்டில் அவர் கையிலேயே இருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தார், அப்போதும் நகரவில்லை. எனக்கோ தாகம். பாட்டிலை அவர் விரல்களிலிருந்து பிடுங்கிக் குடித்தேன். கிளைக்குக் கிளை குரங்குகள் தாவிக்கொண்டிருந்த மரத்தடியில், அண்ணாந்து பார்க்காமல், அசையாமல் நின்ற அவரை நிமிர்ந்து பார்த்தேன். எவ்வளவு தைரியம்! மாமா அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டது சரிதான் என்று அப்போது எனக்குப் பட்டது. எங்கள் ஆட்டத்தில் பயமே இல்லாத ஒரே ஆள் பெரியப்பாதான் என்று நான் முழுசாக நம்பினேன்.