அந்த அம்மா அனுப்பாத மெயில்

மோசடி மெயிலைக் கண்டுபிடிப்பது எனக்கு அத்துப்படி. சுனாமிக்குப் பிந்தைய வருடங்களில் காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டரில் வேலை பார்த்தேன். எதிர்பாராத பணம் தருகிறேன் என்று எழுதுகிறவன் உங்கள் பெயரைச் சொல்ல மாட்டான். யாரிடமும் சொல்லாதே என்பான், அவசரம் என்பான். கடைசியில், அதை வாங்க முதலில் நீ கொஞ்சம் பணம் கட்டு என்பான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தேன். என் அண்ணனிடம் மட்டும் அது எடுபடவில்லை.

அண்ணன் கிளிஞ்சல்மேட்டில் கடலுக்குப் போகிறவர். சுனாமியில் ஒரே மகளைப் பறிகொடுத்தார். படகும் போனது, அதை ஒரு இழப்பாகவே அவர் பேசியதில்லை. பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி உதவிக்கு வந்தார். எங்களுக்கு அவர் 'அந்த அம்மா'. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, மொழி தெரியாமலேயே பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அவர் தயவில்தான் எஞ்சினோடு ஒரு ஃபைபர் படகு வந்தது. அதன் முகப்பில் மகளின் பெயரை எழுதினார் அண்ணன். அந்த அம்மா ஊருக்குக் கிளம்புமுன் அண்ணனுக்கு ஒரு மெயில் முகவரி உண்டாக்கிக் கொடுத்தேன். பாஸ்வேர்டும் மகளின் பெயர்தான். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தவை அந்த எழுத்துகள் மட்டுமே. ஒரு விரலால் தேடித் தேடி அழுத்துவார்.

ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள் புது மெயில் ஒன்று கிடந்தது. 'அன்பு நண்பரே' என்று ஆரம்பம். புற்றுநோயில் சாகக் கிடக்கும் விதவை, பிள்ளை இல்லை, தன் சொத்தை ஒரு நல்ல மனிதருக்குக் கொடுக்க நினைக்கிறாள். கிண்டலாகவே தமிழில் படித்துக் காட்டினேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"அந்த அம்மாவுக்கா கேன்சரு?" என்றார்.

"இது அவங்க இல்லண்ணே. பேரே வேற."

"வெள்ளக்காரங்களுக்கு ரெண்டு மூணு பேரு இருக்கும்."

"ஒன் பேரக்கூடச் சொல்லல, பாரு."

"எம் பேரு அவங்க வாயில நொழஞ்சதே இல்ல. ஃப்ரெண்டுன்னுதான் கூப்புடுவாங்க."

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு போட்டுருக்கு. அது எதுக்காம்?"

"நம்ம ஊர் வழக்கம் தெரிஞ்சவங்க. பஞ்சாயத்துக்குத் தெரிஞ்சா எல்லா வீட்டுக்கும் பங்கு வைக்கணும்ல."

எங்கள் குப்பத்தில் வந்த உதவி எல்லாம் அப்படித்தான் பிரிக்கப்பட்டது. வக்கீலுக்குப் பணம் கட்டச் சொல்கிறான் என்றேன். எந்தக் காரியம் பத்திரச் செலவில்லாமல் நடந்திருக்கிறது என்றார். நான் மோசடி என்று காட்டிய ஒவ்வொரு அடையாளத்துக்கும் அவரிடம் நேரில் பார்த்த ஒரு நியாயம் இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கடல் தாண்டி வந்து எங்களுக்குக் கொடுத்தது உண்மைதானே. வேறு ஊர்க்காரன் அந்த மெயிலை நம்பியிருக்கவே மாட்டான். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதனால்தான்.

"எனக்குச் சொத்து வேணாம் தங்கச்சி. ஆஸ்பத்திரியில ஒண்டியா கெடக்குறாங்க. பதில் போட்டு வுடு."

முடியவே முடியாது என்றேன். அண்ணன் சண்டை போடவில்லை. கோட்டுச்சேரியில் வேறொரு சென்டருக்குப் போய், அங்கிருந்தவர்களை எழுதச் சொல்லியிருக்கிறார். படகின் எஞ்சினை விற்றுப் பணம் அனுப்பிவிட்டார். அண்ணி வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். மெயில் அனுப்பியவர்கள் மறுபடியும் கேட்டார்கள். அனுப்ப அண்ணனிடம் ஒன்றுமில்லை என்றதும் மெயில் நின்றுபோனது. அந்த அம்மா இறந்துவிட்டார் என்று முடிவு கட்டினார் அண்ணன். தலை முழுகிவிட்டுக் கடலில் பூவும் பாலும் விட்டாராம். அதைக் கேட்டு நான் அழுதேன். துக்கமா ஆத்திரமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு அண்ணன் அடுத்தவர் படகில் கூலிக்குப் போனார். மகளின் பெயர் எழுதிய படகு மணலில் கிடந்தது.

சில மாதம் கழித்து, உண்மையான மெயில் வந்தது. அந்த அம்மாவின் பழைய முகவரி. அண்ணன் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார். அண்ணியின் மூட்டுவலியை விசாரித்திருந்தார். எதையும் தருவதாகச் சொல்லவில்லை, எதையும் கேட்கவுமில்லை. படகை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா என்பதைத் தவிர. அண்ணனை வரவழைத்துப் படித்துக் காட்டினேன்.

"உசுரோட இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே அழுதார். அத்தனையும் சந்தோஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, எம் பொண்ணு படகு எஞ்சின வித்து நான் யாருக்கு அனுப்புனேன்?"



மறுநாள் முதலாளியின் டிஜிட்டல் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் படகைக் கழுவி வைத்திருந்தார். "எஞ்சின் மாட்டுற பின்பக்கம் வுழாம எடு" என்றார். முகப்பும் பெயரும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினோம்.

பதில் உடனே வந்தது. அந்தப் படத்தைத் தன் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம். உங்கள் மகள் தினமும் கடலுக்குப் போய்ப் பத்திரமாகக் கரை திரும்புகிறாள் என்று நினைக்கும்போது நிம்மதியாகத் தூங்குகிறேன், அப்படித்தானே என்று கேட்டிருந்தார்.

படித்து முடித்தேன்.

"ஆமான்னு போட்டுடு" என்றார் அண்ணன்.