எரிந்த மண்ணுக்கு நாள் குறித்தபோது

போன வருடம் நவம்பர் மாதம், முதலாவது சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு பேச்சு நடந்தது. இடைக்கால யப்பானில் போர்வீரக் குலமொன்று சுற்றிவர அகழி வெட்டி வாழ்ந்த மாளிகையை எப்படித் தோண்டியெடுத்தார்கள் என்று, அங்கே வேலை செய்த பெண் ஆய்வாளர் ஒருவர் படம் போட்டுச் சொன்னார். மில்லிக்கனில் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் பெண்மணி ஒருவரும் என் காரில் வந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர். அவருடைய கணவர் ஊரில் போரின் கடைசி மாதங்களில் காணாமல் போனவர்.

அகழிக்குள் சின்னச் சின்ன மண் தட்டுகள் குவியலாகக் கிடந்தனவாம். விருந்தில் அவற்றில் மது ஊற்றி ஒருமுறை குடித்துவிட்டு எறிந்துவிடுவார்களாம்.

"எங்கட கலியாண வீட்டுப் பேப்பர் கப் மாதிரித்தான்" என்று பக்கத்திலிருந்த பெண்மணி என் காதுக்குள் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த படத்தில், வெட்டிய மண்ணின் நடுவே கறுப்பாக ஒரு கோடு. மாளிகை எரிந்த அடையாளம். அதற்குள் கிடந்த தட்டுகளின் வடிவத்தையும் பழைய ஏடுகளையும் சேர்த்துப் பார்த்து, எரிந்த வருடத்தையே பிடித்துவிட்டார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் ஊரவர் யார், எப்போது, எங்கே இறந்தார் என்று பதினொரு கொப்பிகளில் எழுதி வைத்திருப்பவன் நான். திகதியில்லாத ஒரு வரி பல்லில் சிக்கிய நார் மாதிரி என்னை உறுத்தும்.

திரும்பும்போது ஸ்டீல்ஸ் வீதியில் சிவப்பு விளக்கு. அந்த உற்சாகத்தில் சொல்லிவிட்டேன்.

"தங்கச்சி, உங்கட அவரைக் கடைசியாக் கண்ட ஆக்களின்ர கதையளைச் சேத்துப் பாத்தால், அவற்ர கடைசி நாளை ஒரு கிழமை வித்தியாசத்துக்குள்ள பிடிச்சிடலாம். ஐயரிட்டக் கேட்டுத் திதியும் எடுத்துத் தாறன்."

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாள் தெரிஞ்சால் திவசம் செய்யவேணும், அண்ணை" என்றார். "என்ர கையால அவரைச் சாகக் குடுக்கச் சொல்லுறியளோ?"

விளக்கு பச்சையானது எனக்குத் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

வீட்டு வாசலில் இறங்கும்போது "வாறன்" என்று மட்டும் சொன்னார். டிசெம்பர் மாதப் பேச்சுக்குக் கூப்பிட்டேன். முழங்கால் நோகுது என்றார். ஜனவரியிலும் அதே பதில். பிறகு நான் கூப்பிடவில்லை.

நூற்றாண்டுகளுக்கு முன் எரிந்த மாளிகைக்கு நாள் குறித்தால் யாருக்கும் நோகாது. அங்கே காத்திருந்தவர்களும் மண்ணாகிவிட்டார்கள். இன்னும் காத்திருக்கிற ஒருவரிடம், அவர் கேட்காத ஒரு நாளை நான் நீட்டினேன் என்பது மட்டும் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.