மாமா பாயாத பந்து

எங்கள் சின்ன மாமா கள்ள ஆட்டக்காரர் என்பது என் ஒன்பதாவது வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் கடைசித் தம்பி. ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்குக் கோல் காப்பவர். பெனல்டி அடிக்க யார் வந்தாலும் பந்து போகும் பக்கம் முன்கூட்டியே பாய்ந்துவிடுவார். அது எப்படி ஒவ்வொரு முறையும் சரிவரும்? அடிக்கிறவனோடு ஏதோ ஏற்பாடு என்று முடிவுகட்டித் துப்பறியத் தொடங்கினேன். போட்டிக்கு முந்தின நாள் யாரோடு தேநீர் குடிக்கிறார் என்றுகூடப் பார்த்துவைத்தேன்.

ஒருநாள் நேரடியாகவே கேட்டேன்.

"பந்தப் பாத்தா பிந்திரும் புள்ள. அடிக்காத கால எங்க ஊண்டுறான் எண்டு பாக்கணும். மறுகா பாயுறதுதான்," என்றார்.

காலைப் பார்த்தால் பந்து போகும் பக்கம் தெரியுமாம். யாருக்குக் காது குத்துகிறார்!

பழுகாமத்து அணியோடு இறுதிப்போட்டி வாவிக்கரை மைதானத்தில் நடந்தது. சமநிலையில் முடிந்ததால் பெனல்டி. கடைசி உதையைத் தடுத்தால் கிண்ணம் எங்களுக்கு. அடிப்பவன் ஓடிவந்தான். மாமா அசையவில்லை. அவர் பார்வை பந்திலும் இல்லை, காலிலும் இல்லை. பின்னால் நின்ற சனத்தில் இருந்தது. பந்து வலைக்குள் போனது. ஊர் தலையில் கைவைத்து நிற்க, மாமா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வாவிப் பக்கம் ஓடிப் பற்றைக்குள் மறைந்தார்.

சற்று நேரத்தில் ஆமி மைதானத்தைச் சுற்றிவளைத்தது. விளையாடிய பெடியன்களை எல்லாம் ராணுவ ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மாமா மட்டும் தப்பினார்.

மறுநாள் கிணற்றடியில் அழுதுகொண்டிருந்த பெண்களிடம் என் கண்டுபிடிப்பை அவிழ்த்துவிட்டேன்.

"மாமாக்கு எல்லாம் முன்னமே தெரியும். அவர் எப்பவும் சொல்லிவைச்சுத்தான் செய்யிறவர்."

ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை. அழுகையை நிறுத்திவிட்டு, "எங்க, திரும்பச் சொல்லு புள்ள," என்றாள் ஒருத்தி. சொன்னேன்.

மூன்றாம் நாள் மாமா வந்து அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

"எல்லாத் தலையும் பந்தோட திரும்பினது அக்கா. ரெண்டு தலை மட்டும் திரும்பல்ல. அவனுகள் எங்களத்தான் பாத்துக்கொண்டு நிண்டானுகள். கத்தத்தான் நினைச்சன், வாய் வரல்ல."

நான் நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை. முன்பின் தெரியாதவர்கள் இரண்டு தடவை வந்து மாமாவைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்தில், ஆமிக்கு ஆள்காட்டி என்று ஓர் ஆளைச் சுட்டு முடிக்க அப்படி ஒரு சொல் போதும் என்பது இப்போது தெரிகிறது. நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அன்று தெரியவில்லை. இரண்டு உடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு மாமா முதல் பஸ்ஸுக்கு வெளிக்கிட்டபோது, களவு பிடிபட்டதால் ஓடுகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டில் ஒருவரும் காதுகொடுக்காத என் பேச்சை ஊரே நம்பிவிட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.