அடுத்த டீக்கடை வரைக்கும்

எதற்கெடுத்தாலும் கெட்டதையே முதலில் நினைக்கிற புத்தி எனக்குச் சின்ன வயதிலேயே உண்டு. பள்ளிக்கூடம் ஏழாவதோடு என்னை விட்டுவிட்டது. இந்தப் புத்தி விடவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது, குறைமாதத்தில் பிறந்த தம்பி ஒரு மாதமாகியும் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அம்மா பெட்டியை விட்டு நகரவில்லை. வாசலில் நின்று நின்று பார்த்த அப்பா, அவன் பிழைக்க வேண்டுமென்று மாலை போட்டுக்கொண்டு, புரட்டாசியில் செவிலிமேட்டிலிருந்து திருப்பதிக்கு நடந்து போகிற கூட்டத்தோடு கிளம்பிவிட்டார். என்னை விட்டுப்போக ஆளில்லாததால் எனக்கும் ஒரு மஞ்சள் பாவாடை.

அப்பா ஐயம்பேட்டை பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கூட்டத்தில் வந்த இட்லிக்கார அம்மா அவரைச் சும்மா விடவில்லை.

“ஷேர் ஆட்டோக்காரன் நடந்து இப்பதாம்பா பாக்குறேன். நாலு பேரை ஏத்தாம உனுக்குக் கால் நகருதா?”

“தோளு காலியாத்தான் இருக்குது, ஏறிக்கோக்கா.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் உட்கார்ந்தால் தம்பிக்கு மூச்சு நின்றுவிடும் என்று எனக்குள் ஒரு கணக்கு. அதனால் கால் கொப்புளத்தைக்கூடச் சொல்லவில்லை. இட்லிக்கார அம்மாவே கண்டுபிடித்து, மடியில் என் காலைப் போட்டுக்கொண்டு எண்ணெய் தடவினாள். “உன் தம்பி பெரியாளாயி உன்னத் தூக்கிக்கினு சுத்துவான் பாரு, கண்ணு.”

திருத்தணி தாண்டியதும் அப்பாவுக்கு போன் வந்தது. “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையில் போட்டார். தம்பி போய்விட்டான் என்பதுதான் சேதி. அப்பா கூட்டத்தாரிடம் போய்ச் சொன்னார்; என்னிடம் யாரும் சொல்லவில்லை. சாவுத் தீட்டு உள்ளவர்களை மாலை போட்டவர்கள் தொடக்கூடாது. கூட்டம் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றது. கூட்டத்தை நடத்திவந்த பெரியவர் தூரத்திலிருந்தே பேசினார்.

“பஸ்ஸு புடிச்சி ஊருக்குப் போப்பா. ஆஸ்பத்திரில உன் பொண்டாட்டி ஒண்டியா இருக்குது.”

“போறேங்க. அந்த டீக்கடை வரிக்கும் நடந்துட்டுப் போறேன்.”

டீக்கடை வந்தது. அப்பா நிற்கவில்லை. “அடுத்த டீக்கடை வரிக்கும்” என்றார், யாரும் கேட்காமலேயே. எதிர்ப்பக்கத்தில் ஊருக்குப் போகிற பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. மழிக்காத முகமும் அவிழ்ந்த செருப்பு வாருமாக அவர் நடந்தார். முன்னால் போன இட்லிக்கார அம்மா அடிக்கடி திரும்பிப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். லாரிப் புழுதி என்று நினைத்துக்கொண்டேன்.

மெதுவாக நடப்பதால்தான் நம்மைக் கழற்றிவிட்டார்கள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கூட்டத்தை விட்டால் வேண்டுதல் போச்சு, வேண்டுதல் போனால் தம்பி போச்சு. அப்பாவின் விரலைப் பிடித்து இழுத்தேன்.

“வேகமா நடப்பா. நாம நின்னுட்டா தம்பிக்கு எதுனா ஆயிடும்.”

அப்பா என்னைப் பார்த்தார். குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டார். பிறகு, “சரிம்மா” என்றார். நான் இழுத்த வேகத்துக்கு நடந்தார்.

அந்த நேரம் அம்மா, ஆஸ்பத்திரி நடைபாதையில், துணியில் சுற்றிக் கொடுத்த அவனை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தாள். நான் இழுக்க இழுக்க, அவளை விட்டுத் தூரமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம் என்பது எனக்குத் தெரியாது.